சிறுத்தையைப் பந்திக்குக் கூப்பிட்டவர்

சிறுத்தையை விரட்டியவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கலாம். சிறுத்தையை மைக் வைத்து, மரியாதையாக, "சாப்பிட வாங்க" என்று பந்திக்குக் கூப்பிட்டவர் ஒரே ஒருவர்தான். அவரை எனக்குத் தெரியும். கூப்பிட்ட மரியாதைக்கு அதுவும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது.

அவருக்கு மைக்செட்காரர் என்று பெயர். ரேஷன் கார்டில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார் என்பது வேறு விஷயம். முப்பது வருஷம் கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி என்று குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து இடது காது முழுசாகவும் வலது காது முக்காலும் போய்விட்டது. மிச்சம் இருந்த கால் காதை வைத்துக்கொண்டுதான் அவர் உலகத்தோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று பார்க்க அதன் முதுகில் உள்ளங்கையை வைப்பார். அதிர்வு இருந்தால், "பேசுதுங்க" என்பார். என்ன பேசுகிறது என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து தடாகம் ரோட்டில் போய், மலையைப் பார்த்துத் திரும்பி, வண்டி இதற்கு மேல் வராது என்று அடம்பிடிக்கும் இடத்தில் அவருடைய தோட்டம் இருந்தது. அந்தப் பக்கத்தில் தெரு என்று ஒன்று கிடையாது. தோட்டத்துக்கு ஒரு சாளை வீடு, சாளைக்கு ஒரு கிழவரோ கிழவியோ, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு பேருமோ. பக்கத்து வீட்டில் உப்புக் கேட்க வேண்டுமென்றால் இரண்டு சோளக்காடு தாண்ட வேண்டும். மைக்செட்காரருக்கு மனைவி போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் இருந்தாள். இருபது கிலோமீட்டர்தான். ஆனால் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள்கூட வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறார்கள்.

ஆகவே அவருக்கு ஆடுகள்தான் எல்லாம். மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் தொழில் முறையில் பெயர் வைத்திருந்தார். ஆம்ப்ளி, ட்வீட்டர், பேஸ், மைக், வயர் என்று போகும். கத்தினால் நிறுத்தத் தெரியாத ஒரு குட்டிக்கு எக்கோ என்று பெயர்.

நான் திருநெல்வேலிக்காரன். கால்நடை மருந்தகத்தில் ஆய்வாளர் வேலை. நான் டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும், "இருக்கட்டுமுங்க டாக்டருங்க" என்று பதில் சொல்லிவிடும் ஊர் அது. என்னை அங்கே மாற்றியபோது பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் கெட்டுவிடக் கூடாது என்று மனைவியையும் அவளையும் பாளையங்கோட்டையிலேயே விட்டுவிட்டு வந்தேன். மருந்தகத்துக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு தட்டு. பகலில் மாடுகளோடு பொழுது போய்விடும். பொழுது சாய்ந்த பிறகு என்னோடு பேசிய ஒரே ஜீவன் சுவரில் இருந்த பல்லி. அதுவும் சுருக்கமாகத்தான் பேசும்.

மைக்செட்காரர் முதன்முதலில் என்னைக் கூப்பிட்டது ஒரு விசித்திரமான நோய்க்கு.

"ஏனுங்க டாக்டருங்க, ஆடுக பத்து நாளா தூங்கறதே இல்லீங்க. பகல்ல நின்னமானிக்கே கண்ணைச் சொருகுதுங்க."

போய்ப் பார்த்தேன். ஆடுகளுக்கு ஒரு நோயும் இல்லை. பட்டியின் நான்கு மூலையிலும் கம்பம் நட்டு நான்கு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார். பொழுது இறங்கினால் விடியும் வரை நாதஸ்வரமும் தவிலும். மலையிலிருந்து சிறுத்தை ஒன்று இறங்கி வருகிறதாம். சத்தம் இருந்தால் வராதாம். தினமும் கல்யாண வீட்டில் படுத்துக் கிடந்தால் எந்த ஆடுதான் தூங்கும்?

"சத்தத்தக் கொறைங்க. பாட்டு வேண்டாம். மனுசன் பேச்சா இருந்தாத்தான் அது பயப்படும்" என்றேன். இது வனத்துறை ஆள் ஒருவர் டீக்கடையில் சொல்லி நான் கேட்டது. என் சொந்தச் சரக்கு மாதிரி எடுத்துவிட்டேன்.

"பேச்சுங்களா? எங்கிட்ட முப்பது வருசப் பேச்சு இருக்குதுங்க!" என்று பழைய பதிவுகளை ஏற்றி வைத்திருந்த பென் டிரைவை எடுத்துக் காட்டினார். ஆளின் முகம் மலர்ந்துவிட்டது.

நான்காம் நாள் காலையில் ட்வீட்டரைக் காணவில்லை. அரைகுறையாக வரப்போரம் கிடந்தது. அதைப் பார்த்து வனத்துறை நஷ்டஈட்டுக்குச் சான்று எழுத நான் போனபோது பக்கத்துத் தோட்டத்து நாச்சிமுத்து அண்ணன் ஏற்கெனவே இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"மனுசன் பேச்சு போட்டீங்களா?" என்று மைக்செட்காரரின் வலது காதில் கத்தினேன்.

"போட்டனுங்களே! ராத்திரி முச்சூடும் பேசுச்சுங்க. கை வெச்சுப் பாத்தனே!"

ஸ்பீக்கரை மறுபடி போடச் சொன்னேன். கரகரவென்று ஒரு நிமிஷம் கழித்து, இளமையான, கம்பீரமான ஒரு குரல் வந்தது. இருபது வருஷத்துக்கு முந்தைய மைக்செட்காரரின் குரல். ஏதோ ஒரு கல்யாணத்தில் அறிவிப்புச் செய்கிறார்.

"அன்பான ஒறம்பரைகளே! பந்தியில எடம் இருக்குதுங்க. எல பூரா போட்டாச்சுங்க. யாரும் கூச்சப்படாம, வெக்கப்படாம சாப்பிட வாங்க. சாப்பிடாம யாரும் போகக்கூடாதுங்க!"

ஒறம்பரை என்றால் அந்தப் பக்கத்தில் சொந்தபந்தம், விருந்தாளி. அதுவே திரும்பத் திரும்ப ஓடியது. காது கேட்காத மனுஷர் 'பேச்சு' என்று இருந்த கோப்புப் பெயரைப் பார்த்துப் போட்டிருக்கிறார்.

"சாப்பிடாம போகக்கூடாதுன்னு விடிய விடியக் கும்பிட்டுக் கூப்பிட்டா அது என்னதான் பண்ணும்?" என்றார் நாச்சிமுத்து. "எனக்கே எந்திரிச்சு வந்தரலாமான்னு இருந்துச்சு."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் நாச்சிமுத்து சிரிக்கவில்லை. போன மாசம் அவருடைய கன்றுக்குட்டி ஒன்று இதே மாதிரி போயிருந்தது. அந்தக் கன்றை அவருடைய மனைவி சரசக்கா புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அதன் தாய்க்குப் பிரசவம் பார்த்தது நான்தான்.

"இந்த மிச்சத்துல ஒரு கை குருணை மருந்தைத் தூவி வெச்சா இன்னைக்குப் பொழுதோட கதை முடிஞ்சுது" என்றார் நாச்சிமுத்து. வாழைக்குப் போடும் பூச்சிமருந்துக் குருணையை அவர் சொன்னார். "அது தின்ன மிச்சத்தைத் திங்க மறுக்கா வரும். சத்தமில்லாம செத்துக் கெடக்கும்."

மைக்செட்காரருக்கு வேறு எது கேட்டதோ இல்லையோ, இது கேட்டுவிட்டது. மண்வெட்டியை எடுத்து வந்து ட்வீட்டருக்கு ஆள் உயரக் குழி தோண்டினார். புதைத்து மேலே மூன்று பாறாங்கல்லை உருட்டி வைத்தார். பிறகு வேர்வையைத் துடைத்துக்கொண்டு நாச்சிமுத்துவிடம் வந்தார்.

"ஆடு என்னோடதுங்க. கூப்பிட்டதும் நானு. வந்தவிய மேல என்னங்க தப்பு?"

வந்தவிய என்றால் வந்தவர்கள்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஊரில் மரியாதைக்கு அளவில்லை என்று தெரியும். ஆட்டைத் தின்ற சிறுத்தைக்குமா?

"அப்ப என்ற கன்னுக்குட்டி?" என்றார் நாச்சிமுத்து.

"ஆடிப் பதினெட்டு வரைக்கும் பொறுத்துக்குங்க. உங்க பட்டி, என்ற பட்டி ரெண்டுலயும் ஒரு உசுருக்கு ஒரு கீறல் விழுந்தாலும் அப்பறமேட்டுக்கு நீங்க என்ன வேணா வெச்சுக்குங்க. நான் குறுக்கால வரமாட்டன். விழலீன்னா குருணைப் பேச்சே வேண்டாமுங்க."

அப்போது சித்திரை. ஆடிப் பதினெட்டுக்கு மூன்று மாசத்துக்கு மேல் இருந்தது. நாச்சிமுத்து யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவர் போன பிறகு நான் கேட்டேன், ஊரில் ஒருத்தருக்கும் இல்லாத அக்கறை உங்களுக்கு ஏன் அதன் மேல் என்று. கால் காதைத் திருப்பி இரண்டு தடவை சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டார்.

"அதும் ஒண்டிங்க. சோடி இல்ல, கூட்டம் இல்ல. இத்தாப் பெரிய மலையில ஒண்டியாத் திரியுது" என்றார். பிறகு எக்கோவின் காதைத் தடவிக்கொண்டே, "ஒண்டிக்கு ஒண்டிதானுங்களே வெசனப்படோணும்" என்றார்.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷர் வேலையில் இறங்கிவிட்டார். இரண்டு பட்டிக்கும் கோழிவலை மாதிரி நெருக்கமான கம்பிவலை அடித்து, மேலே தகரம் போட்டு, சுற்றியிருந்த புதரை எல்லாம் வெட்டினார். தன் நாயைக் கட்டிலுக்கடியில் படுக்க வைத்தார். வேலியிலிருந்து கீழே ஓடை வரைக்கும் ஈர மண்ணைப் பரப்பி, சிறுத்தையின் கால் தடம் எவ்வளவு கிட்டே வந்திருக்கிறது என்று தினமும் காலையில் குச்சி நட்டுப் பார்ப்பார். எல்லாவற்றுக்கும் மேலே பேச்சு. ஒரு குரலுக்கு அதிகம் போனால் மூன்று நாள்தான் ஆயுள். நாலாம் நாள் தடம் இரண்டு முழம் முன்னால் வந்திருக்கும். சிறுத்தைக்கு அந்த ஆள் பழகிவிட்டார் என்று அர்த்தம்.

முதலில் தன் குரலிலேயே மிரட்டிப் பதிவு செய்தார். கேட்டுப் பார்த்தேன். "ஏனுங்க, இந்தப் பக்கம் வராதீங்க. அக்கட்டால போயிருங்க. சொன்னாக் கேளுங்க சாமி, நல்லா இருப்பீங்க." இதைக் கேட்டு எந்தச் சிறுத்தை ஓடும்? அதற்குக் கொஞ்சம் கூச்சம் வேண்டுமானால் வந்திருக்கும்.

பிறகு கோபமான பேச்சு வேண்டும் என்று அலைந்தார். நாச்சிமுத்துவும் அவருடைய தம்பியும் கிணற்றுத் தண்ணீர் முறைக்காக வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். கடைசியாக அவர்கள் போட்ட சண்டை ஒரு கோயில் நோம்பியில், மைக் அணையாமல் இருந்தபோது நடந்தது. அது பென் டிரைவில் பத்திரமாக இருந்தது. மைக்செட்காரர் அதைப் போட்டார். மலையடிவாரம் முழுக்க, "நீ எனக்கு அண்ணனே இல்லை, போ!" என்று முழங்கியது.

சிறுத்தை வரவில்லை. ஆனால் அரை மணி நேரத்தில் மூன்று ஒறம்பரைகள் டூவீலரில் பஞ்சாயத்துப் பேச வந்துவிட்டார்கள். மறுநாள் காலையில் தம்பியே வந்து நாச்சிமுத்துவின் வாசலில் நின்று, "நானாண்ணா அப்படிப் பேசுனேன்? ராத்திரி கேட்டுப்போட்டுத் தூங்கவே இல்லண்ணா" என்று அழுதார். சரசக்கா இரண்டு பேருக்கும் காப்பி வைத்துக் கொடுத்தாள். நாச்சிமுத்து மட்டும் அடுத்த வாரம் முழுக்க மைக்செட்காரரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மைக்செட்காரர் அதைக் கவனிக்கவே இல்லை. முகத்தைத் திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் அவருக்கு ஒன்றும் கேட்கப்போவதில்லை.

வைகாசி முடிவதற்குள் அக்கம்பக்கத்துக் குரல் எல்லாம் தீர்ந்துவிட்டது. பால்காரர், பூசாரி, மோட்டார் மெக்கானிக், எல்லோரும் சிறுத்தைக்குத் தெரிந்தவர்களாகிவிட்டார்கள். தடம் வேலியைத் தொட்டுவிட்டது. அன்று எக்கோவுக்குக் குடற்புழு மருந்து கொடுக்கப் போன என்னை மைக்செட்காரர் ஏற இறங்கப் பார்த்தார். கசாப்புக் கடைக்காரர் ஆட்டைப் பார்ப்பது மாதிரி எனக்குப் பட்டது.

"டாக்டருங்க, உங்க பேச்சு எங்கூருப் பேச்சு மாதர இல்லீங்களே. அவியளுக்கு இது புதுசா இருக்குமுங்க. உங்கூர்ல எப்படி வெரட்டுவீங்களோ அப்படி ஒருக்கா வெரட்டுங்க."

பதிவுக் கருவியை என் வாய்க்கு நேரே நீட்டினார். சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். பிறகு தாமிரபரணித் தண்ணீரை மனசில் நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"ஏலேய்! யாருல அது? எங்க வந்து யாருகிட்ட வச்சுக்கிடுத? ஆட்டத் தொட்ட, மூஞ்சியப் பேத்துருவேம்ல! போல! திரும்பிப் பாக்காம ஓடுல!"

ஆம்ப்ளியும் பேஸும் ஒரே தாவில் மூலைக்குப் போய் ஒண்டிக்கொண்டன. எக்கோ முதல் தடவையாக வாயை மூடியது. மறுநாள் தடம் நாற்பது முழம் பின்னால் போயிருந்தது. "அவிய ஓடையத் தாண்டியே வரலீங்க!" என்று மைக்செட்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு வாரத்துக்கு நான் அந்தப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வண்டி ஓட்டினேன்.

ஆனால் மூன்று நாளைத் தாண்டி ஓடிய நெல்லைத் தமிழும் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. குரல் பழகினாலும் பேச்சு பழகக் கூடாது, தினம் ஒரு புதுப் பேச்சு வேண்டும் என்றார் மைக்செட்காரர். தினமும் வேலை முடிந்ததும் அவர் தோட்டத்துக்குப் போய், பட்டிப் படலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மணிக்கணக்கில் பதிவு செய்யத் தொடங்கினேன். அவர் டீ போட்டுக் கொடுத்துவிட்டுத் தீவனம் வெட்டப் போய்விடுவார்.

மூன்று நாளில் என்னிடம் இருந்த வசவு தீர்ந்துவிட்டது. மனுஷன் எவ்வளவுதான் திட்டுவான்? நாலாம் நாள் என்ன பேசுவது என்று தெரியாமல், அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன். ரசம் கருகிவிட்டதைச் சொன்னேன். ரசம் எப்படிக் கருகும் என்று கேட்காதீர்கள், எனக்குக் கருகும். அடுத்த நாள், பெண் போனில், "அப்பா, நீ எப்ப வருவ?" என்று கேட்பதை நிறுத்திவிட்டாள், அது எனக்கு அவள் கேட்டதைவிடக் கஷ்டமாக இருக்கிறது என்று சொன்னேன். மனைவியிடம், "சாப்பிட்டாச்சு, நல்லா இருக்கேன்" என்று தினமும் பொய் சொல்வதைச் சொன்னேன். மருந்தகத்துக் கதவைச் சாத்திய பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் தூங்கப் போவதால் காலையில் குரல் ஒட்டிக்கொண்டு வருவதில்லை என்று சொன்னேன். யாரிடம் சொல்கிறேன்? ஆடுகளிடம். மிஞ்சிப்போனால் ஒரு சிறுத்தையிடம். அது யாரிடம் போய்ச் சொல்லப்போகிறது?

குழாய் ஸ்பீக்கர் நான்கு இருக்கிறது என்பதை நான் சுத்தமாக மறந்துபோனேன்.

ஒரு வாரம் கழித்து ஒரு காலையில் மருந்தகத்துக்கு மாட்டோடு வந்த பாட்டையா ஒருவர், மாட்டைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு தூக்குச் சட்டியை நீட்டினார். "ரசமுங்க. ஊட்டுல வெச்சுக் குடுத்து உட்டாங்க." அடுத்து வந்தவர் கொள்ளுப் பருப்பு கொண்டுவந்தார். சரசக்கா எங்கள் ஊர் இடியாப்பம் மாதிரிச் சந்தகை பிழிந்து எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டாள்.

"ஏனுங் கண்ணு, ஊட்டுக்காரிகிட்டப் போயி பொய் சொல்லலாமுங்களா? அம்மணியையும் பாப்பாவையும் லீவு உட்டதும் இங்க கூட்டிட்டு வந்துருங்க. பாப்பா கேக்கலைன்னா மறந்துபோச்சுன்னா அர்த்தம்? பெரிய புள்ளையாயிட்டான்னு அர்த்தமுங்க."

குழாய் ஸ்பீக்கர் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. நேராக வண்டியை எடுத்துக்கொண்டு போய் மைக்செட்காரரிடம் கத்தினேன். நான் பேசியதை எல்லாம் ஊருக்கே போட்டிருக்கிறீர்களே, கேட்டுப் பார்க்க வேண்டாமா என்றேன்.

அவர் கால் காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டார். "எனக்கு எங்கீங்க கேக்குது? கை வெச்சுப் பாத்தனுங்க. மொதல்ல நீங்க பேசுனப்ப கை அதிருமுங்க. இப்ப ரொம்ப மெதுவா, பூனைக்குட்டி நெஞ்சு மாதர இருந்துச்சுங்க. நல்ல பேச்சுப் போலிருக்குதுன்னு நெனச்சேன்."

இதற்குமேல் அந்த மனுஷரிடம் எப்படிக் கோபப்படுவது?

வெட்கத்தைத் தூக்கி வைத்துவிட்டுத் தொடர்ந்து பேசினேன். காரணம் சிறுத்தை மட்டும் அல்ல என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள் காய்ச்சலில் போகவில்லை. பழைய பதிவு ஓடியது. மறுநாள் மூன்று தோட்டத்திலிருந்து ஆள் அனுப்பி, "டாக்டருக்கு என்ன ஆச்சு, நேத்து சொன்னதையே சொன்னாங்களே" என்று விசாரித்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு சாளையிலும் பொழுது சாய்ந்ததும் ஒரு கிழவரோ கிழவியோ கயிற்றுக் கட்டிலை வாசலில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பேச யாரும் இல்லாத நேரத்தில், காற்றில் வரும் என் குரலுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். தனியாக இருந்தது நான் மட்டும் என்று நினைத்திருந்தேன். அந்த மலையடிவாரமே அப்படித்தான் இருந்தது.

ஆடிப் பதினெட்டுக்கு முதல் நாள் வந்தது. அதுவரை ஒரு உயிருக்கும் கீறல் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்து ஆடிக் காற்று உங்களுக்குத் தெரியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து அம்மியை நகர்த்துவதோடு நிற்காது, ஆட்டுக்கல்லையும் விசாரிக்கும். மத்தியானம் ஒரு வேப்பமரம் மின்கம்பியில் விழுந்தது. கரண்ட் நாளைக்குத்தான் என்றார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பட்டியின் மேல் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு சோளக்காட்டில் கிடந்தது. வலை ஒரு பக்கம் தொங்கியது. மைக்செட்காரர் ஸ்பீக்கரின் முதுகில் கையை வைத்தபடி நின்றிருந்தார்.

"பேசலீங்க" என்றார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

பழைய பேட்டரியை மாட்டிப் பார்த்தோம். அரை மணியில் கண்ணை மூடிக்கொண்டது. என் செல்போனில் போட்டதைக் காற்றே தின்றுவிட்டது. தடம் காலையிலேயே வேலியைத் தொட்டிருந்தது. ஒரே ஒரு ஆடு போதும், நாளைக்கு நாச்சிமுத்து குருணைப் பையை அவிழ்த்துவிடுவார். வேறு வழியில்லாமல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நானே கத்திப் பேச ஆரம்பித்தேன். கால் மணியில் தொண்டை கட்டிக்கொண்டது.

அப்போது சோளக்காட்டு வரப்பில் ஒரு டார்ச் வெளிச்சம் வந்தது. ரசம் கொடுத்த பாட்டையா. "சத்தத்தக் காணமேன்னு வந்தனுங்க" என்றார். பின்னால் இன்னொரு வெளிச்சம். சரசக்கா. அப்புறம் பால்காரர், பூசாரி, அவர்களுடைய வீட்டுப் பெண்கள். பொழுது இருட்டுவதற்குள் பட்டியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கட்டிலும் சாக்குமாகப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மூட்டுவலி, மருமகள், மாட்டுத் தீவனம், துபாயில் இருக்கும் பேரன். எத்தனை நாள் அடைத்து வைத்த பேச்சோ!

கடைசியாக ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நாச்சிமுத்து வந்தார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன பாக்கறீங்க? என்ற மாட்டுப் பட்டியும் பக்கத்துலதான இருக்குது" என்று முறைப்பாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு, போன கன்றுக்குட்டி சரசக்காவின் முந்தானையை மென்றுகொண்டே பின்னால் திரிந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.

மைக்செட்காரருக்கு இதில் ஒரு எழுத்தும் கேட்கவில்லை. இருட்டில் வாய் அசைவதும் தெரியவில்லை. அவர் மெதுவாக எழுந்து வந்து நாச்சிமுத்துவின் முதுகில் உள்ளங்கையை வைத்தார். நாச்சிமுத்து திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ஒண்ணுமில்லீங்க, பேசுங்க. பேசறீங்களான்னு பாத்தேன்."

பிறகு ஒவ்வொருவர் முதுகிலும் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே பட்டியைச் சுற்றி வந்தார். "பேசுதுங்க... இதும் பேசுதுங்க..." என்று சொல்லிக்கொண்டே வந்தார். யாரும் சிரிக்கவில்லை. என் முதுகில் வைத்தபோது கையை எடுக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

விடிந்ததும் போய்ப் பார்த்தோம். தடம் ஓடை வரைக்கும் வந்திருந்தது. அங்கே உட்கார்ந்த அடையாளம் இருந்தது. அப்புறம் மலையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஆடுகள் பத்தும் நின்றன. எக்கோ கத்திக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து தடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இத்தன பேர் பேசறதக் கேட்டுப்போட்டுத்தான் போயிருக்குது" என்றார். குருணையை வாழைக்கே போட்டுவிட்டார்.

அடுத்த வருஷம் எனக்குத் திருநெல்வேலிக்கு மாறுதல் வந்தது. எத்தனை சாமிக்கு வேண்டிக்கொண்ட மாறுதல்! கிளம்புகிற அன்றைக்கு மைக்செட்காரர் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார், கையில் எக்கோவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு. பஸ் நகரும்போது பஸ்ஸின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

இப்போது என் வீட்டில் ரசம் கருகுவதில்லை. பெண் வளர்ந்துவிட்டாள், தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் யாரிடமோ பேசுகிறாள். மனைவி டிவி பார்க்கிறாள். எல்லோரும் இருக்கிறார்கள். பேச்சுத்தான் குறைவு. போன மாசம் ஒரு சாயங்காலம் என்னவோ தோன்றி மைக்செட்காரருக்குப் போன் போட்டேன்.

"டாக்டருங்களா! சாப்பிட்டீங்களா?" என்று மலைக்கே கேட்கிற மாதிரி கத்தினார். ஆடுகள் எல்லாம் சுகம். குருணைப் பேச்சே இல்லை. சரசக்காவுக்கு முழங்கால்வலி. சொல்லிக்கொண்டே போனார். அவருக்குப் பின்னால் யாரோ ஒரு ஆள் விடாமல் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. உற்றுக் கேட்டேன். அந்தக் குரல் ரசம் கருகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான்.

"இன்னுமா அதையே போடுதீய? அது பழகிப் போயிருக்குமே! வேற குரல மாத்துங்க" என்று கத்தினேன்.

கால் காதில் அது போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"மாத்தலாமுங்க" என்றார். "மாத்துனா நீங்க ஊர உட்டுப் போயிட்டீங்கன்னு அதுக்குத் தெரிஞ்சு போயிருமுங்களே."

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"டாக்டருங்க? பேசறீங்களா? போன்ல கை வெச்சுப் பாக்க முடியாதுங்களே, பேசறீங்களா?"

நான் பேசவில்லை. அவருக்குப் பின்னால் நான்தான் பேசிக்கொண்டிருந்தேனே.